அச்சுத்தொழில் பத்திரிகையாளர் ஓய்வு பெற்றால் அவருடைய அலுமாரியை என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் அச்சகங்களைப் பற்றியே எழுதிவந்த மூத்த பத்திரிகையாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருடைய சேகரிப்பைப் பிரித்து, ஸ்கான் செய்து, ஆவணக் காப்பகத்திடம் கொடுக்கும் வேலை எங்களிடம் வந்தது. இது வழமையான நிருபரின் அலுமாரி அல்ல. வெட்டி ஒட்டிய செய்திகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இயந்திரக் கையேடுகள், தாள் விலைப்பட்டியல்கள், எழுத்து மாதிரித் தாள்கள், படம் அச்சடிக்கும் சிங்க் புளொக்குகள், ஈய அச்செழுத்துகள், நெகற்றிவ், பிளொப்பி, பேட்டி எடுத்த கசெற்றுகள், குறிப்புக் கொப்பிகள். இதே வேலை இன்னும் பலருக்கு வரும் என்பதால் செய்த முறையை எழுதி வைக்கிறோம்.

ஸ்கானரைத் தொடமுன் அவரோடு இருந்து கேட்கவேண்டும். எந்த அச்சகம், எந்த இயந்திரம், எந்த ஆண்டு என்ற மூன்றும் போதும். ஹைடல்பேர்க் பிளாற்றன் இயந்திரத்தின் படம் எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது வண்ணார்பண்ணையா சுன்னாகமா என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. பதில்களைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலால் இலக்கம் மட்டும் போடுங்கள். போல்பொயின்ற் பேனை முன்பக்கத்தில் தழும்பு விடும். அவர் கட்டிவைத்த கட்டுகளின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாது. அவர் ஆண்டுவாரியாக அல்ல, அச்சகவாரியாகக் கட்டியிருந்தார். எது எதோடு இருந்தது என்பதே பாதித் தகவல்.

கறையான் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் முதலில் தாளைத்தான் தூக்குவார்கள். எங்கள் கணக்கு வேறு. 1970களின் சஞ்சிகை மஞ்சளாகியாவது இருக்கும். 1998ஆம் ஆண்டுப் பிளொப்பி அடுத்த மாரியைத் தாண்டும் என்று நம்பமுடியாது. ஆகவே பிளொப்பிதான் முதல். எழுதாமல் தடுக்கும் சிறு பொத்தானை ஓட்டை தெரியும்படி தள்ளிவிட்டே யூஎஸ்பி ட்ரைவில் போடுங்கள். உலோகத் தகட்டை நகர்த்தி உள்ளே கறுப்புத் தட்டைப் பார்ப்பதும் கட்டாயம். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே சுழலவிட்டால் பூச்சு உரிந்து ட்ரைவின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல பிளொப்பியையும் கீறும். பைல்களை ஒவ்வொன்றாகப் பிரதி பண்ணாமல் முழுத் தட்டையும் ஒரே இமேஜாக (தட்டின் அச்சொட்டான நகலாக, ஒரே பைலில்) எடுங்கள், ஒன்று 1.44 எம்பிதானே. ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கலாம். பிளொப்பியை எழுதிய பழைய ட்ரைவின் தலை அப்போது சற்று விலகியிருந்தால் இப்படி நடக்கும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பக்கங்கள். அதன் கடைசிப் பதிப்பு 7. அதற்குப்பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6 முதலான பைல்களைத் திறக்கும். பின்னால் வந்த சிசி பதிப்புகள் திறக்கமாட்டா. விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக நிறுவி, அதிலே பேஜ்மேக்கரையும் அவருடைய பழைய கணினியில் இருந்த அதே எழுத்துரு பைல்களையும் போட்டு, முதலில் பிடிஎப் எடுத்துவிடுவது பாதுகாப்பு. பக்கம் அச்சான மாதிரியே நிற்கும்.

பிறகுதான் பாமினித் தலையிடி. பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை இருத்திய எழுத்துரு. பாமினியை யூனிகோட் ஆக்கும் சுரதாவின் மாற்றி இங்கே பலருக்கும் பழக்கமானது, நல்லாக வேலை செய்யும். ஆனால் கட்டுரையை வெறும் எழுத்தாக வெட்டி ஒட்டினால் எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். அச்சுத்தொழில் கட்டுரைகளில் இயந்திரப் பெயரும் மொடல் இலக்கமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மாற்றி அவற்றையும் தமிழ் என்று எண்ணிக் குதறிவிடும். ரிச் டெக்ஸ்ட் வடிவில் வேர்டுக்குள் எடுத்து, பாமினியில் உள்ள பகுதியை மட்டும் எழுத்துருவை வைத்துத் தேடி மாற்றவேண்டும். இன்னொரு பொறி ஔகாரம். பாமினியில் அதன் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை என்பதால் ‘பௌதிகம்’ என்பது கொம்பு, பகரம், ளகரம் என்று மூன்று துண்டாக வந்துவிடும். திரையில் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. ‘ர்’ என்பதைச் சிலர் ரகரத்தில் புள்ளி வைத்தும் சிலர் அரவில் (‘ா’) புள்ளி வைத்தும் அடித்திருப்பார்கள். மாற்றியபின் அரவில் புள்ளி நிற்கும் இடங்களையும் தேடித் திருத்துங்கள்.

தாள் வேலையை மாசிக்குப் பிறகு தொடங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை கட்டுகளைப் பிரித்தால் ஈரம் உள்ளே இறங்கும். பூச்சி இருக்கும் கட்டைப் பொலித்தீன் பையில் காற்றுப்புகாமல் மூடி டீப் பிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவேண்டாம். குளிர் முழுக்கப் போகட்டும், இல்லாவிட்டால் தாளில் வியர்க்கும். துருப்பிடித்த ஸ்ரேப்பிளின் கால்களைப் பின்புறத்தில் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுங்கள்; பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும்.

ஸ்கான் அளவு 400 டிபிஐ, 24 பிட் நிறம், டிஃப் வடிவம். ஏ4 பக்கம் ஒன்று ஏறக்குறைய 46 எம்பி. 1000 பக்கத்துக்கு 46 ஜிபி. எழுத்து மாதிரித் தாளுக்கும் புள்ளிகளால் அச்சான படத்துக்கும் 600 போடவேண்டும். ஸ்கானரில் புள்ளிகளை மழுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். வேறு சேகரிப்பில் அது அழகு. இங்கே புள்ளியும், நிறம் விலகிய அச்சும்தான் ஆராயவேண்டிய பொருள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகைகளும் இருந்தன. ‘சுத்தம் செய்கிறோம்’ என்று அந்தக் கோடுகளை அழிக்க வெளிக்கிடுபவர்களைக் கிட்டவும் விடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் கோடு மங்கிப்போகும்.

கசெற்றுகளை ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டியபின் 48 கிலோஹேட்ஸ், 24 பிட் வேவ் ஆக எடுத்தோம். ஒரு மணிநேரம் ஸ்டீரியோவில் 1 ஜிபி அளவு வரும்.

ஈய எழுத்துகளில் வெள்ளை பூத்திருந்தால் உலர் தூரிகையால் தட்டக்கூடாது. அது ஈய உப்பு, நஞ்சு. முகக்கவசமும் கையுறையும் போட்டு ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கழுவாமல் எறியுங்கள். பெட்டி பெட்டியாக எழுத்தை வாங்க ஆளில்லை. ஒவ்வொரு பொயின்ற் அளவிலும் ஒரு முழு வரிசையை வைத்துக்கொண்டு, மீதியை உருக்கக் கொடுக்கமுன் நல்ல தாளில் ஒரு புறூவ் (மாதிரி அச்சு) எடுத்தோம்.

உரிமைக் கடிதத்தை அவர் கையொப்பமிடக்கூடிய நிலையில் இருக்கும்போதே வாங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். சம்பளத்துக்கு வேலை செய்தபோது எழுதியவை, வேறு உடன்பாடு இல்லையென்றால், நிறுவனத்துக்குரியவை; அவற்றுக்கு அந்த நிறுவனத்தின் கடிதம் வேண்டும். வெளியில் இருந்து எழுதிக் கொடுத்தவற்றைத் தனிப் பட்டியலாக்குங்கள். நூலக நிறுவனம் போன்ற எண்ணிம நூலகத்தில் ஏற்ற இந்தப் பிரிப்பு அவசியம்.

குறிப்புக் கொப்பிகளை மட்டும் பொதுவில் விடவில்லை. ‘பெயர் போடாதே’ என்று சொல்லித் தகவல் தந்தவர்களின் பெயர்கள் அவற்றில் உண்டு, போர்க்கால ஆண்டுகளும் அடக்கம். ஸ்கான் எடுத்துத் தனி வன்தட்டில் போட்டு, எந்தத் திகதிவரை திறக்கக்கூடாது என்று அவர் கையாலேயே எழுதுவித்து, மூலக் கொப்பிகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.