பென்சில் கோடு: ஏப்ரல் 2017

ஏப்ரல் 9, ஞாயிறு

30-ஆம் தேதி பி.பி.சி. தமிழோசையின் கடைசிச் சிற்றலை ஒலிபரப்பு. இன்னும் 21 நாள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ செட்டைப் பரணிலிருந்து இறக்கியாச்சு.

பின்மூடியைத் திறந்தால் செல் கசிந்து ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. நாலு பெரிய செல், 6 வோல்ட். நம் கடைகளில் கிடைக்கும் சாதா செல்லின் கசிவு அமிலம். அதற்கு வினிகரோ எலுமிச்சையோ போடக்கூடாது. அது ஆல்கலைன் செல்லுக்கான வைத்தியம். இதற்குச் சமையல் சோடா. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம். பிறகு ஸ்பிரிங் முனையில் மட்டும் நைஸ் உப்புத்தாள்.

ஏப்ரல் 10, திங்கள்

உயிர் வந்துவிட்டது! ஆனால் வால்யூமைக் கூட்டினால் புட்புட்புட் என்று விசைப்படகு சத்தம். சப்ளை லைனில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் காய்ந்துபோயிருக்கிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கரண்டை இழுக்கும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி, அந்த ஆட்டம் முன்வரிசை டிரான்சிஸ்டர்கள் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது. பழையதைக் கழற்றும் முன் புதியதை அதன் கால்களுக்கு இணையாகத் தொட்டுப் பார்த்தேன், பிளஸ் மைனஸ் மாறாமல். சத்தம் நின்றது. அப்புறம்தான் சால்டரிங் அயர்ன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

பேண்டு சுவிட்ச். சிற்றலைக்குத் தள்ளினால் கரகரப்பு, அழுத்திப் பிடித்தால் நிலையம், விட்டால் மௌனம். காண்டாக்ட் கறுத்துவிட்டது. அந்தக் காலத்தில் இதற்கு சி.டி.சி. என்ற கார்பன் டெட்ராகுளோரைடுதான். அது ஈரலைக் கெடுக்கும் விஷம், யாரும் தேடிப் போக வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும்: நாலு சொட்டு விட்டு, சுவிட்சை முப்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ள வேண்டும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

ஏப்ரல் 12, புதன்

முள்ளை நகர்த்தும் டயல் நூல் அறுந்தது.

ஏப்ரல் 13, வியாழன்

தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்த்து ஒரு பகல் வீண். அது வழவழப்பு, தண்டில் பிடிக்காது, நாளாக ஆக இழுபட்டும் போகும். முறுக்கிய பருத்தி நூலும் வேண்டாம், மழைக்காலத்தில் சுருங்கும். பின்னிய நைலான் நூல்தான் சரி. நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரை முழுக்க மூடிய நிலையில் தொடங்கி, திருகும் தண்டில் இரண்டரைச் சுற்று, சக்கரத்தின் ஸ்பிரிங் பாதி நீண்டிருக்கும்படி முடிச்சு. ஒரு சுற்று குறைந்தால் வழுக்கும், கூடினால் நூல் மேல் நூல் ஏறும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது.

முள்ளை இன்னும் ஒட்டவில்லை. எங்கே ஒட்டுவது என்பதுதான் கேள்வி.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. காலை முழுக்க அளவு திருத்தம்.

டிஜிட்டல் ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டால் சிக்னல் ஜெனரேட்டரே வேண்டாம். பழைய செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர், கேட்கும் அலைவரிசைக்கு 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடுகிறது. கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. செட்டை 7,200-இல் வைத்தால் டிஜிட்டலில் 7,655-இல் இரைச்சல் சட்டென்று அடங்கும். அந்த அமைதிதான் ஆசிலேட்டர். இப்படி ஐந்து இடத்தில் பார்த்து முள்ளை ஒட்டினேன். 10,000-இல் சீனாவின் பி.பி.எம். நேரக்குறி டிக் டிக் என்று வந்து உறுதிப்படுத்தியது.

கண்ணாடியில் தமிழோசைக்குப் புதுக்கோடு போட்டாயிற்று, 2பி பென்சிலால். பக்கத்தில் 1987-இல் போட்ட பழைய கோடு. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அலைவரிசை அட்டவணை மாறும், அதனால் அந்தக் கோட்டுக்கு இப்போது வேலையில்லை. அழிக்கவில்லை.

கேட்ட நிலையங்களைக் குறித்து வைத்த பழைய நோட்டில் 8.7 மெகாஹெர்ட்ஸில் ‘பெயர் தெரியாத நிலையம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. அங்கே ஒலிபரப்புப் பேண்டே கிடையாது. ஆசிலேட்டருக்கு 455 கீழே இருப்பதோடு, 455 மேலே பலமாக இருப்பதும் செட்டுக்குள் நுழைந்துவிடும். 455-இன் இரட்டிப்பு 910. 9.6-இல் பலமாக வந்த நிலையத்தின் நிழல்தான் 910 கிலோஹெர்ட்ஸ் கீழே 8.7-இல் விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்துத் தீர்ந்த கணக்கு. மூன்று இடத்திலும் திருத்தினேன்.

ஏப்ரல் 15, சனி

முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை இடது பக்கம். ஏன்?

ஏப்ரல் 16, ஞாயிறு

மொட்டை மாடியில் ஏரியல். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னைக்கு 18 மீட்டர் செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் முட்டை வடிவ இன்சுலேட்டர். தென்னைப் பக்கம் நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டாமல் கப்பியில் போட்டு, முனையில் அரை செங்கல் தொங்கவிட்டிருக்கிறது. மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

கம்பியை நேராக செட்டில் மாட்டினால் எல்லா நிலையமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. இந்தச் செட்டின் முதல் டிரான்சிஸ்டர் அவ்வளவு பலத்தைத் தாங்காது. நடுவில் 33 பிகோஃபாரட் கண்டன்சர் போட்டதும் தெளிந்தது. கண்டன்சர் இல்லாதவர்கள் கம்பியை உறை உரிக்காமல் செட்டின் ஏரியல் ராடில் மூன்று சுற்று சுற்றினாலே போதும்.

எர்த்துக்குத் துவைக்கிற கல் பக்கம், எப்போதும் ஈரமான மண்ணில், நாலடி ஜி.ஐ. பைப்.

ஏப்ரல் 18, செவ்வாய்

இரைச்சல். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ர்ர்ர் என்று பேண்டு முழுவதும். மெயினை அணைத்து, செல்லிலேயே செட்டை ஓட்டி, ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டில் இரண்டு குற்றவாளிகள்: மலிவு எல்.ஈ.டி. பல்பு ஒன்று, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். இரண்டையும் அணைத்தும் பாதி இரைச்சல் அப்படியே. தெரு முழுக்க பல்பு. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவது? 1987-இல் இந்தத் தெருவில் குண்டு பல்பும் டியூப் லைட்டும்தான். மனசு விட்டுப்போகிறது.

ஏப்ரல் 19, புதன்

செல் புதிதாக மாற்றியதும் முள் கோட்டை நெருங்கியது. வோல்டேஜ் இறங்கினால் ஆசிலேட்டர் நகரும். இன்னும் சரியாக உட்காரவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

இரவு 9.22-க்குக் கரண்ட் போனது. தெருவே இருண்டது. அந்த நொடி பேண்டின் அடியில் இருந்த ர்ர்ர் துணியை உருவியது போல் போய், லண்டன் குரல் தனியாக நின்றது. வாசிப்பவர் தாளைப் புரட்டுவது வரைக்கும் கேட்டது. பதினோரு நிமிஷம். 55444 என்று நோட்டில் எழுதினேன். சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், பரவல், மொத்தம்: ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இந்த வரிசையில் இப்படி ஒரு எண் எழுதிப் பல வருஷமாயிற்று.

கரண்ட் வந்ததும் 43233.

ஏப்ரல் 22, சனி

வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

பதிவு செய்யும் ஒயர். செட்டின் இயர்ஃபோன் ஜாக்கிலிருந்து மொபைலின் மைக்குக்கு நேராகக் கொடுத்தால் பிளந்துகொண்டு கேட்கும். நாலு வளையப் பின் வேண்டும். இப்போதைய போன்களில் அடி வளையம் மைக், அதற்கு முந்தியது கிரவுண்ட். செட்டிலிருந்து 1 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அடுத்து 100 கிலோஓம் தொடராக, மைக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2.2 கிலோஓம். இந்த 2.2 இருந்தால்தான் போன் ‘மைக் மாட்டியிருக்கிறது’ என்று நம்பும். போன் சார்ஜரில் இருக்கக்கூடாது, ஹம் ஏறிவிடும். ஏரோப்ளேன் மோடில் வைக்காவிட்டால் டிக்டிக்டிக் விழும்.

இணையத்தில் சுத்தமான ஒலி கிடைக்கும், தெரியும். எனக்கு வேண்டியது ஆகாயம் வழியாக வந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

மேற்கே இடி. படபடவென்று பேண்டு முழுக்க வெடிப்பு. ஏரியலைக் கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே எர்த் பைப்பில் மாட்டினேன். மேகம் தெரிவதற்கு முன்பே வெடிப்பு கேட்கும். கழற்ற வேண்டிய நேரத்தை ரேடியோவே சொல்லிவிடும். 30-ஆம் தேதி இப்படி ஆகக்கூடாது.

ஏப்ரல் 27, வியாழன்

முள் விஷயம் பிடிபட்டது. செட் இருக்கும் அலமாரி மேற்குச் சுவரை ஒட்டியது. பகல் வெயிலில் சுவர் ஏறிய சூடு இரவு ஒன்பதுக்கும் இறங்குவதில்லை. கம்பிச் சுருளும் கண்டன்சரும் சூட்டில் விரிந்து ஆசிலேட்டரை இழுக்கின்றன. செட்டை ஹாலின் நடுவில் மரமேசைக்கு மாற்றி, எட்டரைக்கே போட்டு வைத்தேன். 9.15-க்கு முள் கோட்டின் மேல்.

ஏப்ரல் 28, வெள்ளி

2012-இல் கனடாவின் சாக்வில் சிற்றலை நிலையம் நின்றது. இந்த ஜனவரி 31-இல் ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலை. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டுக்கொண்டு வருகிறேன். 1941-இல் தொடங்கியது இது. அதன் ஒலிபரப்பாளர் சோ. சிவபாதசுந்தரம் வைத்த பெயர், தமிழோசை. அந்த வரிக்கு எதிரே இன்னும் காலியிடம்.

ஏப்ரல் 29, சனி

சூரியப் புள்ளிகள் இறங்குமுகம். அவை குறைந்தால் மேல் பேண்டுகள் ஓய்ந்துவிடும். நோட்டில் 1989-இல் பகலிலேயே 13 மீட்டர் பேண்டு நிறைந்திருக்கிறது, 1986-இல் அதே பக்கம் வெறுமை. இப்போது 1986 மாதிரி. இரவில் கீழ்ப் பேண்டுகள்தான் கைகொடுக்கும்.

இன்று ஒத்திகைப் பதிவு. 9.31-க்கு ஒரு மங்கல்: குரலைச் சுமந்து வரும் கேரியர் அலை தேய்ந்து, பக்க அலைகள் மட்டும் மிஞ்சிக் குரல் தகரமாகி, நாலைந்து நொடியில் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்ய மாட்டேன். அதுவும் பதிவில் இருக்கட்டும்.

ஏப்ரல் 30, ஞாயிறு

செல் நாலும் புதிது. வீட்டில் பல்பு, ஃபேன் எல்லாம் அணைத்தாயிற்று. மேற்கே மேகமில்லை. போனில் 61 சதவீதம், ஏரோப்ளேன் மோடு. செட் எட்டரை மணியிலிருந்து ஓடுகிறது.

9.11. முள் கோட்டில். கேரியர் இன்னும் வரவில்லை.

9.13. வந்துவிட்டது. இரைச்சல் அடங்கிவிட்டது.