ஒரு பட்டனை மறைக்க எத்தனை வழி

2008இல் வேலைக்குச் சேர்ந்ததும் என் கையில் கொடுத்தது ஃப்ளெக்ஸ், அப்ளிகேஷன் திரைகளை எழுத அடோபி தந்த கருவி. எம்எக்ஸ்எம்எல் என்ற எக்ஸ்எம்எல் வகை டேக்குகளில் திரையை எழுதினால் அது ஃப்ளாஷாக மாறி பிரவுசரில் ஓடும். விபாக்ஸ் போட்டால் மேலிருந்து கீழ், எச்பாக்ஸ் போட்டால் பக்கவாட்டில், அவ்வளவுதான். ஜாவா ஸ்விங்கில் பக்கம் பக்கமாக ஆட், ஆட் என்று எழுதிப் பழகியவனுக்கு, எதற்குள் எது இருக்கிறது என்று கோடிங்கைப் பார்த்தாலே தெரிவது பெரிய நிம்மதி.

அப்புறம் சில்வர்லைட், டபிள்யூபிஎஃப், ஆண்ட்ராய்டு, ஸாமரின் ஃபார்ம்ஸ் என்று திரை எழுதும் கருவி ப்ராஜெக்ட்டுக்கு ஒன்றாக வந்தது. ஒவ்வொரு முறையும் மேனேஜர் சொல்வது ஒன்றே: “எல்லாம் எக்ஸ்எம்எல்தானே, ரெண்டு நாள்ல பிடிச்சுக்குவீங்க.” டேக் இரண்டு நாளில் வந்துவிடும், உண்மைதான். டபிள்யூபிஎஃப்பின் ஸ்டாக்பேனல் சொல்லாவிட்டாலும் கீழ்நோக்கி அடுக்கும், ஆண்ட்ராய்டின் லீனியர்லேஅவுட் சொல்லாவிட்டால் பக்கவாட்டில் அடுக்கும் என்பது மட்டும் வராது. என் முதல் ஆண்ட்ராய்டு திரையில் ஒரே ஒரு லேபிள்தான் தெரிந்தது, மற்றவை வலது ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தன என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

பட்டனை மறைப்பது இன்னும் வேடிக்கை. ஃப்ளெக்ஸில் விசிபிளை அணைத்தால் பட்டன் போகும், இடம் அப்படியே நிற்கும், இடமும் போக வேண்டுமென்றால் இன்க்ளூட்இன்லேஅவுட்டையும் அணைக்க வேண்டும். டபிள்யூபிஎஃப்பில் ஹிடன் என்றால் இடம் இருக்கும், கொலாப்ஸ்டு என்றால் இருக்காது. ஆண்ட்ராய்டில் அவையே இன்விசிபிள், கான். சில்வர்லைட்டில் ஹிடன் இல்லவே இல்லை. இடம் காலியாக இருந்தாக வேண்டிய ஒரு திரையில், புத்திசாலித்தனமாக ஓப்பாசிட்டியைப் பூஜ்யமாக்கி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாதே தவிர பட்டன் க்ளிக் வாங்கும். டெஸ்டர் சும்மா வெற்றிடத்தில் க்ளிக் செய்ய, ஒரு விண்ணப்பம் அப்ரூவ் ஆகிவிட்டது. நல்லவேளை, லைவ் இல்லை.

பைண்டிங் விஷயத்தில், அதாவது திரையிலுள்ள பெட்டியை டேட்டாவோடு இணைப்பதில், டபிள்யூபிஎஃப்பின் டேக் மொழியான ஸாமல் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. டபிள்யூபிஎஃப்பில் ப்ராப்பர்ட்டி பெயரில் ஒரு எழுத்து தப்பினால் கம்பைலர் கண்டுகொள்ளாது, ப்ரோக்ராமும் நிற்காது, பெட்டி காலியாக இருக்கும். அவுட்புட் ஜன்னலில் மட்டும் எர்ரர் 40 என்று ஒரு வரி ஓடும். வீட்டு நம்பர் மறந்தாலும் அந்த நம்பர் மறக்காது.

ஆனாலும் இத்தனை பேர் போட்டி போட்டது வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸ்கார மொஸில்லாவின் திரை மொழியான ஸூலில் இருந்த பெட்டி அடுக்கும் யோசனைதான் பிறகு வலைப்பக்கங்களை அடுக்கும் சிஎஸ்எஸ் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு வழி காட்டியது. டபிள்யூபிஎஃப்காரர்கள் 2005இல் பேச ஆரம்பித்த எம்விவிஎம், அதாவது திரையையும் அதன் பின்னால் ஓடும் லாஜிக்கையும் பிரித்து எழுதும் முறை, இன்று ஆண்ட்ராய்டு வரை வந்திருக்கிறது. ஃப்ளாஷ் 2020 கடைசியோடு போனது, சில்வர்லைட் ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது, அவற்றுக்காக இரவு பகலாக எழுதிய திரைகளில் ஒன்றைக்கூட இன்று திறந்து காட்ட முடியாது. அந்த வருத்தம் தனி.

இப்போது ஒரு பழைய டபிள்யூபிஎஃப் அப்ளிகேஷனை அவலோனியா என்ற இன்னொரு கருவிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஸாமல்தான், பாதி அப்படியே ஓடும். ஆனால் மறைப்பதற்கு இஸ்விசிபிள் மட்டும்தான், அணைத்தால் இடமும் போய்விடும், ஹிடன் இல்லை. சரி, பழைய பாடம் இருக்கிறதே என்று ஓப்பாசிட்டியைப் பூஜ்யமாக்கி, இந்த முறை மறக்காமல், மவுஸ் பட்டன்மேல் படுகிறதா என்று பார்க்கும் ஹிட்டெஸ்ட்டையும் அணைத்தேன். மவுஸ் க்ளிக் போகவில்லை. டெஸ்டர் டேப் கீயைத் தட்டிக்கொண்டே அந்தப் பட்டனுக்குப் போய் என்டர் அடித்தார்.