ஆறில்லாத சீமையில் ஆற்றின் வேலை

செட்டிநாட்டுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு வாய்க்கவில்லை. மணிமுத்தாறு, பாம்பாறு போன்றவை மழைக்காலத்தில் ஓடி அடங்கி, மற்ற மாதங்களில் வெறும் மணல் தடங்களாகக் கிடக்கின்றன. ஆறு நிலத்தை வடிவமைக்கிறது என்றாலே காவிரிப் படுகையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தச் செம்மண் சீமையும் முழுக்க முழுக்கத் தண்ணீர் செய்த நிலம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்வதே இல்லை.

எங்கள் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் சீக்கிரமே செம்புறாங்கல் தட்டுப்படும். பன்னெடுங்காலமாக மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டதில், உள்ளே இறங்கிய மழைநீர் கரையக்கூடிய உப்புகளையும் சிலிக்காவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போக, கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கி இறுகியதே இந்தக் கல். மழைநீர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, இறங்குகிற பாதையிலேயே நிலத்தை மாற்றிவிடுகிறது. வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகிவிடும் இந்தக் கல்லைக் கொண்டுதான் நம் முன்னோர் ஊருணிப் படிகளைக் கட்டினார்கள்.

அந்த மழை நமக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வங்கக் கடலிலிருந்து ஆவியாகும் நீர் சராசரியாக ஒன்பது பத்து நாள்தான் காற்றில் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று அதைக் கரைக்குள் கொண்டுவந்து இறக்குகிறது. விழுந்ததில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது, ஒரு பங்கு மீண்டும் ஆவியாகிறது, மிச்சம் தென்கிழக்கே சரிந்த நிலத்தின் வழியாகப் பாக் நீரிணையை நோக்கி ஓடுகிறது. ஓடுகிற அந்த நீரைக் கண்மாய் கண்மாயாக, அதாவது ஏரி ஏரியாக, நிறுத்தி வைத்ததுதான் நம் சீமையின் பெரிய பொறியியல்.

ஆற்றின் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பங்குனி, சித்திரையில் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வாயிலிருந்து கரையை நோக்கி நடக்க வேண்டும். முதலில் காலில் குத்துவது துருநிறச் சரளை. பிறகு பருமணல், அதன்பின் சீனி போன்ற குறுமணல். மடையை நெருங்கும்போது, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வழவழப்பான கரம்பை, அதாவது களி வண்டல். ஓடிவரும் நீர் அகலமான இடத்துக்கு வந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய, கனமானதை முதலில் போட்டுவிட்டு, இலேசானதைக் கடைசி வரை சுமந்து செல்கிறது. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. பெருமழை பெய்யும் ஒரே இரவில் ஓடைக்கரை அறுந்துபோவதற்கும், சாதாரண மழையில் நீர் சற்றே கலங்கி ஓடுவதோடு நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான். காவிரி கடல்முகத்தில் பரப்பிய வண்டலும், எங்கள் கண்மாயின் கரம்பையும் ஒரே விதியால் உருவானவை, அளவுதான் வேறு. அந்தக் கரம்பையை வண்டியில் அள்ளி வயலுக்கு அடித்த தலைமுறைக்கு இது பாடமாகத் தெரியாவிட்டாலும் பழக்கமாகத் தெரிந்திருந்தது.

இப்போது தூர்வாருகிறோம் என்று சொல்லி, இயந்திரம் இறங்க வசதியான இடத்தில் ஆழமாகக் குழி பறித்துவிட்டு, வரத்துக்காலைச் சீமைக்கருவேலத்தோடு அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வரத்து அடைபட்டால் கண்மாய்க்குத் தண்ணீரும் வராது, வண்டலும் வராது. மேலே தேங்கும் நீர் புதுவழி தேடி யாருடைய புன்செயையோ அறுத்துக்கொண்டு போகும். மேல்கண்மாய் நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் என்பது நம் சங்கிலித் தொடரின் அமைப்பு. ஆகையால் தூர்வாரும் வேலை வரத்துக்காலில் தொடங்கி, கலுங்கைச் செப்பனிட்டு, அதன்பிறகே கண்மாயின் உள்வாய்க்குள் இறங்க வேண்டும். அதுவும் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.