பத்துமலைக்குப் போற வழியில ஒரு கோலம், ஒரு மயிலிறகு

பத்துமலைக்குப் போறதுன்னா எங்க வீட்டுல முதல்ல கேஎல் (கோலாலம்பூர்) டவுன்ல மாரியம்மனைப் பார்த்துட்டுத்தான் போவோம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்க இருந்துதானே கிளம்புது, நாமளும் அதே வழிதான்னு பெரியப்பா கணக்கு. ரெண்டுக்கும் மூலகாரணம் ஒரே ஆளுதான், தம்புசாமி பிள்ளை. 1873-ல மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பினவரு, பத்துமலையிலயும் அவருதான் முருகனைக் கொண்டு வந்து வச்சாரு, 1892-ல இருந்து அங்க தைப்பூசம் நடக்குது. இந்தத் தடவை அக்கா மகளும் கூட வந்தா, யூனிவர்சிட்டிக்கு முந்தின எஸ்டிபிஎம்ல பிசிக்ஸ் படிக்கிறா. அவளையும் பெரியப்பாவையும் ஒரே கார்ல உட்கார வச்சா என்ன ஆகும்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், அதனால வண்டியை வீட்டுல போட்டுட்டு ரயில்லயே போயிட்டோம்.

ஜாலான் துன் எச்.எஸ்.லீல கோபுரத்துக்கு நேரா நின்னு அண்ணாந்து பார்த்தா அஞ்சு நிலை, கிட்டத்தட்ட 23 மீட்டர். ஒவ்வொரு நிலையிலயும் குட்டிக் குட்டி மாடம், அந்த மாடத்துக்கு மேல கோபுரம் மாதிரியே சின்னதா ஒரு கூரை, மேல போகப் போக அதே உருவம் சுருங்கிக்கிட்டே போகுது. "சித்தி, இது ஃபிராக்டல் மாதிரி இருக்குல்ல"ன்னா. பெருசுக்குள்ள அதே வடிவம் சின்னதா, அதுக்குள்ள இன்னும் சின்னதா வர்றதுக்கு மண்டெல்பிராட்னு ஒருத்தர் 1975-ல வச்ச பேராம். அப்புறம் அவளே, "ஆனா ரெண்டு மூணு படியோட நின்னுடுது, அதனால கணக்குப்படி ஃபிராக்டல் இல்ல"ன்னும் சொல்லிட்டா. எனக்கு அது புடிச்சிருந்துச்சு, பாதி பேரு முதல் வரியோட நிறுத்திட்டு அங்கயே கை தட்டிடுவாங்க.

உள்ள சாமி கும்பிட்டுட்டு வரும்போது ஒரு அக்கா ஓரமா உட்கார்ந்து சிக்கு கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. தரையை ஈரத்துணியால துடைச்சு, அது பாதி காயும்போதே கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவை எடுத்து புள்ளி வைக்கிறாங்க. அளவுகோல் ஒன்னும் கிடையாது, ஆனா எந்த ரெண்டு புள்ளியை எடுத்தாலும் அதே இடைவெளி. அப்புறம் ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு கம்பியை இழுத்தாங்க பாருங்க, புள்ளியைச் சுத்தி வளைஞ்சு, இன்னொரு கோட்டை வெட்டி, மூலையில திரும்பி, கடைசில ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முட்டுது, அதுவரைக்கும் எங்கயும் கோடு அறுபடவே இல்ல. என் அக்கா மக எண்ணிப் பார்த்துட்டு, "ஏன் ஆன்ட்டி இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 5?"ன்னு கேட்டா. அவங்க தலையைக்கூட தூக்கல. "சமமா வச்சா கம்பி தனித்தனியா பிரிஞ்சு போயிடும்மா. அதான் ஒரு பக்கம் ஒன்னு கூட வைப்பேன். இல்லாட்டி எங்கயாச்சும் ஒரு இடத்துல வெட்டாம வளைச்சு விடணும்."

அவ்ளோதான், பொண்ணு பேப்பர் கேட்டு வாங்கி தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்துட்டா. 3க்கு 4 போட்டா ஒரே கம்பி. 4க்கு 4 போட்டா நாலு கம்பி. 4க்கு 6 போட்டா ரெண்டு. ரெண்டு எண்ணுக்கும் பொதுவா இருக்கிற பெரிய காரணி எதுவோ அத்தனை கம்பி வருது, அடுத்தடுத்த எண்ணா இருந்தா பொதுக் காரணி 1தான், அதனால எப்பவுமே ஒத்தைக் கம்பி. நீங்களும் வீட்டுல போட்டுப் பாருங்க, எல்லாப் புள்ளியையும் சுத்தணும், நடுவுல எந்த இடத்துலயும் வெட்டாம விடக்கூடாது, ஓரத்துல மட்டும் திரும்பணும், அவ்ளோதான் விதி. சென்னைல கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணின்னு ஒரு தம்பதி 1970கள்லயே கோலத்தை வச்சு கம்ப்யூட்டர் மொழி இலக்கண ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, கோலம் போடுற பொம்பளைங்க எப்படிப் போடுறாங்கன்னு உட்கார்ந்து கவனிச்சிருக்காங்க. அந்த அக்காகிட்ட இதைச் சொன்னேன். "அப்படியா, மாவு மேல மிதிச்சிடாதீங்க"ன்னாங்க.

கேஎல் சென்ட்ரல்ல கம்யூட்டர் ரயில் ஏறினதும் பெரியப்பா ஆரம்பிச்சாரு. ஜெனீவால செர்ன்கிற அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்துல நடராஜர் நிக்கிறாரு, நம்ம முன்னோருக்கு அணு அப்பவே தெரியும், சிதம்பரத்துல ஐயாவோட கால் பூமியோட காந்தப் புலத்துக்கு நட்டநடு சென்டர், இப்படி ஒன்னு மேல ஒன்னு. முதல் விஷயம் நெசம், 2004-ல இந்திய அரசு அன்பளிப்பா குடுத்த ரெண்டு மீட்டர் சிலை. படைச்சு அழிச்சு ஓயாம ஆடுற ஆட்டத்துல, துகள் தோன்றி மறையற ஆட்டத்தை இந்தக் காலத்து பிசிக்ஸ்காரங்க பார்த்தாங்க, அது பார்க்கிறவங்க கண்ணு. சிலை வார்த்த ஸ்தபதிக்குப் புரோட்டான் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. ஒத்தைக் கால்ல அத்தனை கையும் சடையும் திருவாசியும் சாயாம நிக்கணும்னா எடை எங்க விழணும்னு தெரியணும், அது அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு, எனக்கு அதுவே போதும். காந்த சமாச்சாரத்துக்குப் பேத்தி பதில் சொன்னா: "தாத்தா, காந்த நடுக்கோடுன்னா அது கோடு, பூமியைச் சுத்திப் போகுது, அதுல ஏது சென்டர்? அந்தக் கோடும் நகர்ந்துக்கிட்டே இருக்கு. அது கிட்ட இருக்குன்னுதான் கேரளால தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963-ல அங்க இருந்து ராக்கெட் விட்டாங்க." பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு, செந்தூல் வர்ற வரைக்கும் திரும்பல.

பத்துமலைல இறங்கினா 42.7 மீட்டர் முருகன், பின்னாடி 2018-ல கலர் அடிச்ச 272 படி. எத்தனை தடவை பார்த்தாலும் கை தானா கும்பிடுது, அதைப் பத்தி எழுத ஒன்னுமில்ல. கீழ கடையில மயிலிறகு வாங்கினோம், பெரியப்பா காவடிக்கு எடுத்து வைக்கிறவரு. அந்தக் கண்ணை வெயில்ல லேசா திருப்புங்க, நீலம் பச்சையாகும், பச்சை வெண்கலமாகும். அதுல நீலச்சாயம் ஒரு துளிகூட கிடையாது. இருக்கிறது நம்ம முடியில இருக்கிற அதே மெலனின், ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கு, அந்த இடைவெளிதான் எந்த ஒளி திரும்பி வரணும்னு முடிவு பண்ணுது. பொடியா அரைச்சா வெறும் கருப்பும் பழுப்பும்தான் மிஞ்சும். ராபர்ட் ஹூக் 1665-லயே மைக்ராஸ்கோப்ல இதைப் பார்த்து, நனைச்சா கலர் போயிடுதுன்னு கவனிச்சு எழுதியிருக்காரு. கோபுரத்துல இருக்கிற மயிலுக்கு எவ்ளோ பளபளன்னு பெயின்ட் அடிச்சாலும் சரி, எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் அதே நீலம்தான். காவடி கட்டுறவங்க பெயின்ட்டை நம்பாம இறகையே செருகுறாங்க, ஆட ஆட ஒவ்வொரு அடிக்கும் கலர் மாறும்.

படி ஏறினோம், குரங்கு ஒன்னு யாரோட தேங்காயையோ தூக்கிட்டு ஓடுச்சு. குகைக்குள்ள சாமி கும்பிட்டு நிக்கும்போது பெரியப்பா வழுக்கைல டப்புன்னு ஒரு சொட்டு விழுந்துச்சு. மழைத்தண்ணி மலைக்குள்ள இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டே வருது, கூரையில வந்து தொங்கும்போது அதுல கொஞ்சத்தை விட்டுட்டுப் போகுது, அப்படித்தான் மேல தொங்குற கல்லெல்லாம் வளர்ந்துச்சுன்னு பேத்தி சொன்னா. மலைக்கு ஏறக்குறைய 40 கோடி வயசு, கடல்ல இருந்த உயிருங்களோட ஓடும் சேர்ந்து இறுகின சுண்ணாம்பு. "அப்ப முருகன் கடலுக்கு அடியிலயா உட்கார்ந்திருக்காரு?" "ஒரு காலத்துல கடலா இருந்த இடத்துல, தாத்தா." அவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு, திருச்செந்தூர்லயும் கடல்தானேன்னாரு. இதுக்கு அவகிட்ட பதில் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா அவ எழுதின புள்ளிக் கணக்கைப் போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டுட்டாரு, கீழ "நம்ம முன்னோருக்கு அப்பவே தெரியும்"னு. பேத்தி ரொம்ப நேரம் டைப் பண்ணிக்கிட்டு இருந்தா, கடைசில ஒரு கட்டை விரலை மட்டும் அனுப்பினா.