முகம் கொடுக்காத உறுப்பு

ஒலியலையால் வயிற்றைப் பார்க்கும் ஸ்கானில் ஈரலும் சிறுநீரகமும் தேடியவுடன் முகம் காட்டிவிடும். சதையி அப்படியில்லை. இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டின் குறுக்கே கிடக்கும் அந்தக் கணையத்தை இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று மறைத்துவிடுகிறது. ஒலியலை காற்றைக் கடந்து போகாது. தலைப்பகுதி ஓரளவு அகப்படும்; மண்ணீரலை நோக்கி நீளும் வால் பல வேளைகளில் அகப்படாது.

யாழ்ப்பாணத்தில் நான் வேலைக்கு வந்த புதிதில், மூத்த வைத்தியர் ஒருவர் கருவியை விட்டுவிட்டு முதலில் தண்ணீர்ப் போத்தலைத்தான் காட்டினார். பித்தப்பையைப் பார்த்து முடித்தபின் நோயாளிக்கு இரண்டு கோப்பை தண்ணீர் கொடுத்து, குமிழிகள் அடங்கும்வரை உட்கார வைக்க வேண்டும். பிறகு நீர் நிறைந்த இரைப்பையே யன்னலாகிவிடும். வெளியே வரிசை நீண்டிருக்கும்போது அந்தச் சில நிமிடங்களைக் கொடுக்க மனம் வருவதில்லை. கொடுக்காவிட்டால் 'காற்றினால் சதையி தெரியவில்லை' என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

நெடுந்தீவிலிருந்து ஓர் அம்மா வந்தார். காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருக்கிறார். வெறும் வயிறு என்று சத்தியம் செய்தார். பித்தப்பையோ சுருங்கிக் கிடந்தது. அதற்குள் கல்லைத் தேடுவது வீண். மெல்ல விசாரித்தால், படகேறுமுன் பால் தேநீர். "தேநீர் சாப்பாடா, பிள்ளை?" என்றார். துண்டில் 'உணவு வேண்டாம்' என்றுதான் இருந்தது. பாலின் கொழுப்பே பித்தப்பையைச் சுருக்கப் போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த திகதி கொடுத்தபோது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

திடீர்ச் சதையி அழற்சி வந்தால் சிக்கல் வேறு. வலியின் தன்மையும் சதையி சுரக்கும் நொதியமான அமைலேஸ் இரத்தத்தில் இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருப்பதும் சேர்ந்தாலே நோயை உறுதிசெய்யலாம். முதல் நாள் ஸ்கானில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது அதற்குக் காரணமாகக்கூடிய பித்தக்கல்லைத்தான். திசு எவ்வளவு செத்திருக்கிறது என்பதை சி.ரி. (ஊடுகதிர் ஸ்கான்) சரியாகக் காட்ட, வலி தொடங்கி 72 மணித்தியாலமாவது செல்ல வேண்டும். அதற்குமுன் எடுத்தால் பொய்யான ஆறுதல்தான் கிடைக்கலாம். இதைக் கட்டிலருகில் நிற்பவர்களுக்கு விளக்கிவிடலாம். அப்படியொரு நோயாளியின், ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு, தாய் நீட்டிய கைபேசியில், நடுச்சாமத்தில் விளக்குவதுதான் கடினம். "இன்னும் சி.ரி. எடுக்கவில்லையா? காசு பிரச்சினையென்றால் சொல்லுங்கள்" என்றார். காசல்ல, காலம்தான் வேண்டும் என்றேன். நம்பவில்லை.

நான்காம் நாள் எடுத்தோம். படத்தைத் தெளிவாக்கும் மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றி நாற்பது விநாடியளவில் பதிந்த படத்தில் சதையியின் பெரும்பகுதி வெளிச்சமாகத் தெரிந்தது; நடுவில் ஒரு துண்டு மட்டும் இரத்தம் எட்டாமல் கறுத்திருந்தது. அன்றிரவும் அழைப்பு வந்தது. பொறுமையாகக் கேட்ட மகன் கடைசியில், "அப்படியென்றால் இனி நாளுக்கு ஒன்று எடுத்துப் பார்க்கலாம்தானே, டொக்டர்?" என்றார்.