தவிலுக்குப் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு ஒரு இயர்பிளக்

தவில் பக்கத்திலோ ராக் கச்சேரி ஸ்பீக்கர் முன்போ இருப்பவர்கள் காதில் பஞ்சைத் திணித்துக்கொள்வதை இன்னும் பார்க்கிறேன், பெரிய பயன் இல்லை. நுரை இயர்பிளக் நன்றாகவே தடுக்கும், ஆனால் மேல் ஸ்தாயி ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடுவதால் பாட்டு மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் கேட்பது போல மந்தமாகிவிடும், வாசிப்பவருக்கு இது சுத்தமாக ஒத்துவராது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி, காதுப் பாதுகாப்பு இல்லாமல் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான்!

அதனால் சத்தத்தைத் தடுக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் இயர்பிளக் வகையைத்தான் சொல்வேன். நார்வே நிறுவனமான மினுவெண்டோவின் இயர்பிளக்கில் இருக்கும் சின்னத் தள்ளுவிசையால் சுமார் 7 முதல் 25 டெசிபல் வரை குறைக்கலாம். சுருதி சேர்க்கும்போது திறந்துவிட்டு, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மூடிக்கொள்ளலாம். விலை கொஞ்சம் அதிகம்தான். அப்புறம், முனை காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் பெட்டியில் போட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை, கூட வரும் எல்லா அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள்.