அம்மா நேர்ந்த படிகள்

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அடுத்த ஞாயிறு, தம்பியைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இயேசுவின் சீடர் தோமையார் பேரில் இருக்கிற பரங்கிமலை ஏறிவிட்டு வந்தேன். நாலு வருசக் கடன். பைக்கில் போனவனை லாரி தட்டி, வலது காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா நேர்ந்துகொண்டது: "தோமையாரே, என் பிள்ளைக்குக் கால் நிலைச்சா, அந்தக் காலாலயே உம்ம மலையை ஏற வைக்கேன். செருப்பில்லாம."

கால் நிலைத்தது. உள்ளே கம்பி வைத்து, ஒன்றரை வருசம் நொண்டி, அப்புறம் வேலைக்கும் போனான். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி. அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளித் தள்ளி, போன ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா கழிந்த மறுவாரம், அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் குழியில் வைத்த நாளிலிருந்து, பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி எனக்கு வாயில் வரவில்லை. 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று கோயிலே சொல்லும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன். ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவள் நான், யாரிடம் போய்ச் சொல்ல? பாஸ்கா ராத்திரி எல்லோரும் அல்லேலூயா பாட, நான் கையில் வழிகிற மெழுகைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் தாம்பரம் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை. ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர், "மேல வரைக்கும் ரோடு இருக்கும்மா, படி எதுக்கு?" என்று 300 ரூபாய் கேட்டார். நேர்ச்சை என்றதும், அடிவாரத்துக்கு மட்டும் 150 என்றார். நடந்தே போய்விட்டோம்.

160 படிக்கட்டுகள். 1726-ல் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி தன் காசில் போட்டுக்கொடுத்தவை. அவருக்கு என்ன வேண்டுதலோ, அந்தப் புண்ணியத்தில் நாங்கள் ஏறினோம். தம்பி பேன்ட்டை மடித்துவிட்டு முன்னால் போக, நான் செபமாலையோடு பின்னால். என் கண் மட்டத்தில் அவன் கால். முட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் வரை தழும்பு, இரண்டு பக்கமும் தையல் புள்ளி, பூரான் ஒட்டிக்கொண்ட மாதிரி. படி வைக்கும்போது இழுபட்டு வெளுக்கும், காலை எடுத்ததும் கறுக்கும். செபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

ஆண்டவர் பாடுபட்டதை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையைத் தலம் தலமாக நின்று சொல்லிக்கொண்டு போனால், ஒரு தலத்தில் ஒரு குடும்பம் சாய்ந்து சாய்ந்து செல்ஃபி எடுக்கிறது. காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் நாங்களே அவர்களுக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு முழங்காலிட்டோம். போனில் சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடிய பையன்களை என்ன சொல்ல. பதினாலாம் தலத்தில் ஆண்டவரைக் கல்லறையில் வைப்பதோடு முடிந்துவிடும். அம்மாவுக்கு அதில் எப்போதும் குறைதான்: "அடக்கத்தோட நிறுத்திப்போட்டாங்களே, பாவிக."

மேலே 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். சின்னக் கோயில், அன்றைக்குக் கூட்டமோ மூச்சுமுட்டியது. அந்த ஞாயிறுக்கு வருசா வருசம் தோமையார் நற்செய்திதான். அந்த மலையிலேயே நின்று அதைக் கேட்பது வேறு மாதிரி இருந்தது. 'உன் கையை நீட்டி என் விலாவில் இடு.' காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்று தோமா கேட்ட அடையாளத்தை ஆண்டவர் மறைக்கவில்லை. உயிர்த்து வந்தும் காயத்தோடுதான் வந்தார். எத்தனை தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அன்றைக்கு என் பக்கத்தில் பேன்ட் மடிப்பை இறக்கிவிட மறந்து ஒரு கால் நின்றுகொண்டிருந்தது.

பீடத்தில் அந்தக் கற்சிலுவை. 1547-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் ரத்தம் வியர்த்ததாம். தோமையார் கையால் செதுக்கியது என்பாள் அம்மா, ஆராய்ச்சிக்காரர்கள் சில நூற்றாண்டு தள்ளிச் சொல்வார்கள், இருக்கட்டும். படத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது: அந்தச் சிலுவையில் ஆள் இல்லை. வெறும் சிலுவை. நுனியெல்லாம் மொட்டு விட்டிருக்கிறது, அடியில் இலை விரிகிறது, மேலே புறா இறங்குகிறது. கல், துளிர்த்த மரம் போல நிற்கிறது. அழுகை வந்துவிட்டது. "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து ஒரு கை முதுகில் தள்ளுகிறது, நான் அசையவில்லை.

விசுவாசப் பிரமாணம் வந்தது. கோயிலுக்கே அதிகம் வராத தம்பி, சின்ன வயதில் மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். அந்த வரியில் நானும் சேர்ந்துவிட்டேன். சேரலாமா என்று யோசிக்கவே இல்லை. ஆண்டவரே உமக்கு நன்றி, தோமையாரே நன்றி, அம்மாவின் அழுக்குச் செபமாலைக்கு நன்றி, பெயர் தெரியாத அந்த எலும்பு டாக்டருக்கும் நன்றி.

அப்புறம் சாந்தோம் போய்த் தோமையார் கல்லறையில் முட்டிபோட்டதெல்லாம் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது கீழ் பெர்த்தில் அவன் காலை நீட்டினான். கணுக்கால் வீங்கியிருந்தது. தைலம் எடுத்துத் தேய்த்தேன். தழும்பின் மேட்டில் கட்டைவிரல் ஏறி இறங்கியது.

"வலிக்குதாலே?"

"இல்லக்கா. தேயி."